இந்தக் காந்தம் பொடியுடையதா, ஜாடியுடையதா?

கடிதம் எழுதியவருக்கு 28 வயது. சிங்கப்பூரில் பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறார். துத்தநாக ஆக்சைடையும் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடையும் உரிய விகிதத்தில் கலந்து, கடினப்படுத்திய எஃகு ஜாடியில் எஃகுக் குண்டுகளோடு போட்டு, ஆர்கான் வாயு நிரப்பி மூடி, மணிக்கணக்கில் அரைக்கிறார். உலையில் வைக்காமல், அரைத்தே துத்தநாக ஃபெரைட் நானோ துகள்களைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆய்வுத் திட்டம். ஒரு தடவைக்கு 10 கிராம் பொடி, 200 கிராம் குண்டு.

பொடி உருவாகிவிட்டது. சிக்கல் அதன் காந்தத்தில் இருக்கிறது. 2 டெஸ்லா புலத்தில் அளந்தபோது, 10 மணி நேரம் அரைத்த மாதிரி கிராமுக்கு 6 இ.எம்.யு. (காந்தமாக்கத்தை அளக்கும் அலகு) காட்டியது. 20 மணி நேர மாதிரி 14 காட்டியது, 40 மணி நேர மாதிரி 31 காட்டியது. பாடநூலின்படி இந்த ஃபெரைட் அறை வெப்பநிலையில் காந்தத்தில் ஒட்டவே கூடாது. "ஜாடியின் இரும்பு கலந்திருக்கிறது" என்கிறார் பேராசிரியர். "அயனிகள் இடம் மாறியிருக்கின்றன, இது உண்மையான விளைவு" என்கிறார் ஆய்வகத்தின் முதுமுனைவர் ஆய்வாளர். கடைசியில் பேராசிரியர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: 40 மணி நேர மாதிரியை விட்டுவிட்டு, முதல் இரண்டையும் அயனி இடமாற்றம் என்று எழுதிக் கட்டுரையை அனுப்பிவிடலாம். உதவித்தொகை முடிய ஐந்து மாதமே இருக்கிறது. ஜூரோங் வெஸ்ட்டில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு வாழும் அவருக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா ஒவ்வொரு ஞாயிறும் "எப்போது முடியும்?" என்று கேட்கிறார். இது இரும்புதானா, ஒரு மாதிரியை விடுவது தவறா, பேசாமல் முதுநிலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தம்பி,

காந்தப் பொருள்களை அளப்பதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. உங்கள் கடிதத்தோடு வந்த வரைபடங்களை மூன்று முறை பார்த்தேன். முதலில் உங்கள் மனப்பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்கிறேன்: உங்கள் அளவீட்டில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேராசிரியரும் முதுமுனைவர் ஆய்வாளரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. "இரும்பா, இடமாற்றமா" என்று கேட்டபடியே இருந்தால் ஐந்து மாதம் ஓடிவிடும். "இரும்பு எவ்வளவு, இடமாற்றம் எவ்வளவு" என்று கேட்டால் ஆறு வாரத்தில் பதில் கிடைத்துவிடும்.

முதுமுனைவர் ஆய்வாளரின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். துத்தநாக ஃபெரைட்டின் படிக அமைப்புக்கு ஸ்பினல் என்று பெயர். அதில் உலோக அயனிகள் உட்கார இரண்டு வகை இடங்கள் உண்டு. நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி இடம் ஒன்று, ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகி இடம் மற்றொன்று. உலையில் நிதானமாகச் செய்த துத்தநாக ஃபெரைட்டில் துத்தநாகம் நான்முகி இடங்களைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு முழுவதும் எண்முகி இடங்களில் இருக்கும். துத்தநாக அயனிக்குக் காந்தத் திருப்புத்திறன் கிடையாது. எண்முகி இரும்பு அயனிகள் தங்களுக்குள் கொள்ளும் பிணைப்போ மிக வலுவற்றது. சுமார் 10 கெல்வினுக்குக் கீழே போனால்தான் அவை எதிரெதிராக ஒழுங்குபடும். அறை வெப்பநிலையில் அது வெறும் பாராகாந்தம், அதாவது வெளிப்புலத்துக்கு மிகச் சொற்பமாகவே இசையும் பொருள். உங்கள் பாடநூல் சொல்வது இதைத்தான், அது சரிதான்.

அரைவை எந்திரம் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது. குண்டுகள் மோதும் ஒவ்வொரு முறையும் சில இரும்பு அயனிகள் நான்முகி இடங்களுக்குத் தள்ளப்படுகின்றன, அதே அளவு துத்தநாகம் எண்முகி இடங்களுக்குப் போகிறது. நான்முகி இரும்புக்கும் எண்முகி இரும்புக்கும் நடுவே உள்ள பிணைப்பு மிக வலுவானது. இயற்பியலாளர் லூயி நேல் 1948இல் ஃபெர்ரி காந்தத்தை (எதிரெதிர்த் திசையில் நிற்கும் அயனிகள் முழுதாகச் சமன்படாமல் மிஞ்சும் காந்தத்தை) விளக்கியபோது அடிப்படையாக வைத்தது இதைத்தான். சிறு பங்கு இரும்பு இடம் மாறினாலே போதும், காந்தமே இல்லாதிருந்த பொடி கைக்காந்தத்தை நோக்கித் தாவும். அரைத்த துத்தநாக ஃபெரைட்டில் பல ஆய்வகங்கள் இதைத் தெளிவாகக் கண்டிருக்கின்றன. ஆகவே "காந்தம் வந்தாலே கலப்படம்" என்ற முடிவு சரியல்ல.

இனிப் பேராசிரியரின் பக்கம். நம் ஊரில் புதிதாகக் கொத்திய அம்மியில் முதல் நாளே சட்னி அரைப்பதில்லை. தவிட்டையோ அரிசியையோ போட்டு அரைத்து, வழித்துக் கொட்டி, மணல் நெருநெருப்பு போன பிறகுதான் சமையலுக்கு எடுப்பார்கள். அரைக்கும் கல் அரைபடும் பொருளுக்குள் வரும் என்பது உங்கள் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். எஃகு ஜாடியில் 40 மணி நேரம் எஃகுக் குண்டுகள் மோதிக்கொண்டிருந்தால் பொடிக்குள் எஃகு வராமல் இருக்காது. எவ்வளவு வந்தது என்பதே கேள்வி. இந்த இடத்தில் நீங்கள் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் மூன்று விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

எக்ஸ்-கதிரில் இரும்பு தெரியவில்லை என்பது

"விளிம்பு விளைவு வரைபடத்தில் இரும்பின் உச்சி இல்லை, ஆகவே இரும்பு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வரைபடத்தை மறுபடியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமிரத்திலிருந்து எக்ஸ்-கதிரை எடுக்கும் குழாயில் இரும்பின் முதல் உச்சி 44.7 டிகிரியில் வரும். உங்கள் ஃபெரைட்டின் ஓர் உச்சி 42.8 டிகிரியில் இருக்கிறது. அரைத்ததால் அது அகன்று, வலப்பக்கச் சரிவு 44 டிகிரியைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்தச் சரிவுக்குள் இரண்டு மூன்று விழுக்காடு இரும்பு ஒளிந்துகொண்டால் கண்ணில் படாது. போதாததற்கு, தாமிரக் கதிர் இரும்பு அணுக்களை ஒளிரச் செய்து பின்புலத்தைத் தூக்கிவிடுகிறது. உங்கள் வரைபடத்தின் அடிக்கோடு அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. கோபால்ட் குழாய் உள்ள கருவி கிடைத்தால் அதில் ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஒரு கிராம் இரும்பு எவ்வளவு காந்தம் தரும்

உங்கள் கடிதத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய வரி இது: "இரும்பின் காந்தமாக்கம் கிராமுக்கு 218 இ.எம்.யு. ஒரு விழுக்காடு கலந்தாலும் எனக்கு 2 இ.எம்.யு.தான் கூடும். 31 வர 14 விழுக்காடு வேண்டும், அவ்வளவு இரும்பு வர வாய்ப்பே இல்லை." கணக்கு சரிதான். ஆனால் இரும்பு பொடிக்குள் வந்து இரும்பாகவே சும்மா உட்கார்ந்திருக்கும் என்ற அனுமானத்தில் அது நிற்கிறது.

உங்கள் ஜாடிக்குள் ஹெமடைட் இருக்கிறது. ஆர்கான் நிரப்பியதால் வெளி ஆக்சிஜன் இல்லை. இந்த நிலையில் உலோக இரும்பும் ஹெமடைட்டும் மோதும்போது ஒன்றோடொன்று வினைபுரிந்து மேக்னடைட் என்ற வலுவான காந்த இரும்பு ஆக்சைடு ஆகும். ஒரு பங்கு இரும்பும் நான்கு பங்கு ஹெமடைட்டும் சேர்ந்தால் மூன்று பங்கு மேக்னடைட். எஃகு ஜாடியில் ஹெமடைட்டை அரைத்தால் மேக்னடைட் வருவது இந்தத் துறையில் நெடுநாளாகத் தெரிந்த சங்கதி. நிறையாகப் போட்டுப் பாருங்கள். 1 கிராம் இரும்பிலிருந்து ஏறத்தாழ 12.4 கிராம் மேக்னடைட் கிடைக்கும். நல்ல படிகமான மேக்னடைட்டின் காந்தமாக்கம் கிராமுக்கு சுமார் 92 இ.எம்.யு. ஆக, இரும்பாகவே இருந்திருந்தால் 218 இ.எம்.யு. தந்திருக்கும் அந்த ஒரு கிராம், ஹெமடைட்டோடு சேர்ந்தபின் 1,100 இ.எம்.யு.க்கு மேல் தந்துவிடும். ஐந்து மடங்கு.

உங்கள் 40 மணி நேரப் பொடிக்கு இதைப் பொருத்துகிறேன். 10 கிராம் பொடி, கிராமுக்கு 31, மொத்தம் சுமார் 310 இ.எம்.யு. இது முழுவதும் உலோக இரும்பு என்றால், வந்து சேரும் இரும்பு பொடியின் எடையையும் கூட்டும் என்பதால், குண்டுகளும் ஜாடியும் சேர்ந்து ஒன்றரைக் கிராமுக்கு மேல் தேய்ந்திருக்க வேண்டும். முழுவதும் மேக்னடைட் வழியாக வந்தது என்றால் 0.27 கிராம் தேய்மானம் போதும். 40 மணி நேரத்தில் 200 கிராம் குண்டு கால் கிராம் தேய்வது நடக்கக்கூடியதுதான். நானோ அளவில் மேக்னடைட்டின் காந்தமாக்கம் குறையும் என்பதால் உண்மையில் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கலாம். ஆனாலும் "வாய்ப்பே இல்லை" என்ற உங்கள் சொல் இனி நிற்காது.

இதை உங்களை அச்சுறுத்த எழுதவில்லை. 10 மணி நேர மாதிரியில் ஹெமடைட் உச்சிகள் இன்னும் தெரிகின்றன என்கிறீர்கள். 40 மணி நேர மாதிரியில் துத்தநாக ஆக்சைடின் உச்சிகள், குறிப்பாக 36.3 டிகிரியிலும் 31.8 டிகிரியிலும், மிச்சம் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஹெமடைட்டின் ஒரு பகுதியை இரும்பு தின்றிருந்தால் துத்தநாகத்துக்குத் துணை கிடைக்காமல் அது தனியே நிற்கும். அது சுத்தமாகக் காணாமல் போயிருந்தால் உங்கள் முதுமுனைவர் ஆய்வாளரின் பக்கம் வலுக்கும். ஆனால் மேக்னடைட்டுக்குள் துத்தநாகம் கரைந்துகொள்ளவும் கூடும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு அலகான செல்லின் பக்க நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். துத்தநாக ஃபெரைட்டுக்கு அது 0.844 நானோமீட்டர், மேக்னடைட்டுக்கு 0.840. அரைக்க அரைக்க உங்கள் நீளம் மேக்னடைட்டின் பக்கம் சுருங்கிக்கொண்டு போகிறதா?

காற்றில் சூடாக்கும் சோதனை

700 டிகிரியில் காற்றில் சூடாக்கப் போவதாகவும், காந்தம் மறைந்துவிட்டால் அயனி இடமாற்றம் நிரூபணமாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை நிரூபணம் என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். இடம் மாறிய அயனிகள் சூட்டில் தத்தம் இடத்துக்குத் திரும்பும், காந்தம் மறையும், உண்மைதான். ஆனால் உலோக இரும்பும் அதே சூட்டில் காற்றோடு சேர்ந்து ஹெமடைட் ஆகிவிடும். மேக்னடைட்டும் ஹெமடைட் ஆகிவிடும். ஹெமடைட்டின் காந்தம் மிகச் சொற்பம். எந்தக் கதை உண்மையாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரே விடை. தேர்வாளர் இதைக் கேட்காமல் விடமாட்டார்.

அதற்குப் பதிலாக, ஆர்கானில் சூடாக்கிக்கொண்டே காந்தமாக்கத்தை அளந்து பாருங்கள். மேக்னடைட் சுமார் 585 டிகிரியில் காந்தத்தை இழக்கும், இரும்பு 770 டிகிரியில்தான் இழக்கும். 600 டிகிரிக்கு மேலும் வளைகோடு தரையைத் தொடாமல் நின்றால் அங்கே இருப்பது உலோக இரும்பு. முதல் சூடேற்றத்தை மட்டும் நம்புங்கள். அந்தச் சூட்டில் பொடியே மாறிவிடும் என்பதால் இரண்டாவது ஓட்டம் வேறொரு பொருளைப் பற்றிப் பேசும்.

இன்னும் இரண்டு சிறிய சங்கதிகள். வளைகோடு 2 டெஸ்லாவிலும் தெவிட்டாமல் ஏறிக்கொண்டிருப்பதைக் கருவியின் கோளாறு என்று நினைத்திருக்கிறீர்கள். அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. நுண்துகளின் மேற்பரப்பில் உள்ள அயனிகளின் காந்தச் சுழற்சிகள் உள்ளே இருப்பவற்றோடு ஒரே கோட்டில் நிற்காமல் சாய்ந்து நிற்கும். கோயி 1971இல் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களில் இதைக் காட்டினார். கோடாமாவும் பெர்க்கோவிட்ஸும் அவர்கள் குழுவினரும் 1996இல் அரைத்துச் செய்த நிக்கல் ஃபெரைட் துகள்களில் விரிவாக ஆராய்ந்தார்கள். ஆகவே "தெவிட்டு மதிப்பு 31" என்று எழுதாமல் "2 டெஸ்லாவில் 31" என்று எழுதுங்கள். அடுத்து, உச்சியின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் வந்த 9 நானோமீட்டர் உங்கள் துகளின் அளவு ஆகாது. அது படிகக் கூறின் அளவு மட்டுமே. அரைத்த பொடியில் படிகத்தின் திரிபும் (அழுத்தத்தால் வரும் உருக்குலைவும்) உச்சியை அகலப்படுத்தும், பல கூறுகள் ஒட்டி ஒரே கட்டியாகவும் இருக்கும். வில்லியம்சன்–ஹால் முறையில் திரிபைப் பிரித்துவிட்டு, மின்னணு நுண்ணோக்கிப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

செலவே இல்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். குண்டுகளை எடை போடுங்கள். அரைக்கும் முன் எடை போட்டிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், பெரும்பாலோர் போடுவதில்லை. பரவாயில்லை. அதே பெட்டியில் வாங்கிய பயன்படுத்தாத குண்டுகள் மிச்சம் இருக்கும். 10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்று ஏறத்தாழ 4.1 கிராம் இருக்கும், உங்கள் ஜாடியில் சுமார் 50 குண்டு. பழைய குண்டுகளை எத்தனாலில் போட்டு மீயொலித் தொட்டியில் கழுவி, உலர்த்தி, நான்கு தசமம் காட்டும் தராசில் வைத்து, சராசரியைப் புதியவற்றின் சராசரியோடு ஒப்பிடுங்கள். இதுவரை நடந்த எல்லா அரைவைகளின் தேய்மானமும் அதில் சேர்ந்திருக்கும், ஜாடிச் சுவரின் தேய்மானம் அதில் வராது. துல்லியமான விடை கிடைக்காவிட்டாலும், பேசுவது மில்லிகிராமிலா கிராமிலா என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.

அடுத்தது வேதிப் பகுப்பாய்வு. பொடியைக் கரைத்து, பிளாஸ்மா நிறமாலையில் இரும்பு, துத்தநாகம், குரோமியம் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள அணு விகிதம் 2.00 இருக்க வேண்டும். 0.27 கிராம் இரும்பு கூடியிருந்தால் அது 2.12 ஆகும், ஒன்றரைக் கிராமுக்கு மேல் கூடியிருந்தால் 2.7ஐத் தொடும். குரோமியம் இன்னும் நல்ல சாட்சி. குண்டு செய்யும் எஃகில் வழக்கமாக ஒன்றரை விழுக்காடு குரோமியம் உண்டு, உங்கள் ஆக்சைடுகளில் அது இருக்கக் காரணமே இல்லை. அரைக்காத கலவையையும் கூடவே அனுப்புங்கள், ஒப்பிட அடிப்படை வேண்டும். குண்டுக்கும் ஜாடிக்கும் விற்றவரிடம் உலோகக் கலவைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே எஃகாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, காமா கதிரை வைத்து ஒவ்வொரு இரும்பு அணுவும் எந்தச் சூழலில் இருக்கிறது என்று காட்டும் மாஸ்பவர் நிறமாலை. இதுதான் வழக்கை முடித்துவைக்கும். உலோக இரும்பு 33 டெஸ்லா உட்புலத்தோடு ஆறு கோடுகளாகத் தனியே நிற்கும். ஒழுங்கான துத்தநாக ஃபெரைட் அறை வெப்பநிலையில் இரட்டைக் கோடாகத் தெரியும். மேக்னடைட்டின் இரு ஆறுகோட்டுத் தொகுதிகளும் அவற்றுக்கே உரிய உட்புலங்களில் வரும். குளிர்நிலையில் வெளிப்புலத்தோடு அளந்தால் நான்முகி இரும்பையும் எண்முகி இரும்பையும் பிரித்தே எண்ணலாம். வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் போய்வர வாரங்கள் ஆகும். ஆகவே மற்ற எதற்கும் காத்திராமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் புதிதாக அரைத்த பொடி திறந்து கிடக்கக் கூடாது. நுண்ணிய இரும்பு துருப்பிடித்தால் சாட்சி அழிந்துவிடும். ஆர்கானில் மூடி அனுப்புங்கள்.

நான்காவது, வேறு ஜாடி. பேராசிரியரிடம் கேட்கத் தயங்குகிறீர்கள். கேளுங்கள், ஆனால் டங்ஸ்டன் கார்பைடு கேட்காதீர்கள். அதைப் பிணைக்கும் கோபால்ட்டும் காந்தப் பொருள்தான், ஒரு சந்தேகத்தை நீக்கி இன்னொன்றை வாங்கிக்கொள்வீர்கள். சிர்க்கோனியா நல்லது. அதன் அடர்த்தி எஃகைவிடக் குறைவு, மோதலின் வலுவும் குறையும். ஆகவே அங்கே 40 மணி நேரமும் இங்கே 40 மணி நேரமும் ஒன்றாகாது. நேரத்தை வைத்து ஒப்பிடாமல், ஹெமடைட் உச்சி மறையும் கட்டத்தை வைத்து ஒப்பிடுங்கள். சிர்க்கோனியாவின் முதன்மை உச்சி 30 டிகிரிக்கு அருகில், உங்கள் ஃபெரைட் உச்சியின் மேலேயே வந்து உட்காரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடுக்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது, காந்தமே இருக்கக் கூடாத ஓர் ஆக்சைடில், காந்தம் இருப்பதைக் காட்டும் சிறிய, அழகான தயக்க வளையம் வரைபடத்தில் கிடைத்தது. மூன்று வாரம் அதைச் சுற்றி விளக்கங்கள் எழுதினேன். ஆய்வகத்தில் இருந்த மூத்த தொழில்நுட்பர் ஒருவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் எஃகு இடுக்கியை எடுத்துவிட்டு நெகிழி இடுக்கியைக் கையில் கொடுத்தார். வளையம் போய்விட்டது. இடுக்கி நுனியிலிருந்து உதிர்ந்த, கண்ணுக்குத் தெரியாத துணுக்கு அது. உங்கள் 31 இடுக்கியால் வந்திருக்காது, அது மிகப் பெரிய எண். ஆனால் 10 மணி நேர மாதிரியின் 6இல் எதையும் விட்டுவைக்காதீர்கள். மாதிரியை வைக்கும் வெறும் குழாயையும் பஞ்சையும் ஒரு முறை தனியே அளந்து கழித்துவிடுங்கள்.

40 மணி நேர மாதிரியை விடலாமா

நேராகச் சொல்கிறேன். காரணம் சொல்லாமல் விட முடியாது, விடவும் கூடாது. ஒரு மாதிரியை ஒதுக்குவதே குற்றம் என்று இல்லை. "ஜாடித் தேய்மானம் இவ்வளவு இருந்ததால் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை" என்று எண்ணோடு எழுதி ஒதுக்கலாம். எழுதாமல் மறைப்பதும், முடிவை மாற்றிக் காட்டத் தரவை விடுவதும் தரவைத் திரிப்பதாகவே உலகெங்கும் கருதப்படும். 2010 ஜூலையில் ஆய்வு நேர்மை குறித்த இரண்டாவது உலக மாநாடு நடந்தது நாம் இருக்கும் இதே ஊரில். அதிலிருந்து பிறந்த "சிங்கப்பூர் அறிக்கை" நான்கு கொள்கைகளையும் 14 பொறுப்புகளையும் வகுக்கிறது. பிறர் சரிபார்க்கவும் திரும்பச் செய்யவும் முடிகிற அளவுக்குத் தெளிவான பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. உங்கள் ஆய்வுக் குறிப்பேட்டில் அந்த 31 ஏற்கெனவே தேதியோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

அறிவியலாகப் பார்த்தாலும் அந்த யோசனை நிற்காது. குண்டு 20 மணி நேரம் தேயாமல் இருந்துவிட்டு 21ஆம் மணியில் தேயத் தொடங்குவதில்லை. 40இல் இரும்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் 20இலும் 10இலும் அதற்கேற்ற பங்கு இருக்கிறது. பெரிய எண்ணை மட்டும் விட்டுவிட்டு மீதி இரண்டையும் முழுக்க இடமாற்றம் என்று எழுதினால், மூன்றையும் சேர்த்து எழுதுவதைவிடப் பலவீனமான கட்டுரை அது. எந்த மதிப்பீட்டாளரும் "ஏன் 20இல் நிறுத்தினீர்கள்?" என்று கேட்பார். என் கணிப்பில் உங்களிடம் உள்ள மாதிரிகளிலேயே மதிப்புள்ளது அந்த 40தான். தேய்மானம் மிகுதியாக இருக்கும் இடத்தில்தான் அதை நம்பிக்கையாக அளக்க முடியும். அங்கே அளந்து, பின்னோக்கி 20க்கும் 10க்கும் கழித்துக்கொண்டு வரலாம். கழித்தபின் மிஞ்சுவதே உங்கள் இடமாற்றம்.

பேராசிரியர் ஏமாற்றச் சொன்னார் என்று நான் கருதவில்லை. "அது கலப்படம், குப்பை" என்று மனத்தில் முடிவுசெய்துவிட்டு, குப்பையை ஏன் அச்சேற்ற வேண்டும் என்று நினைத்திருக்கலாம். மாணவனின் காலக்கெடுவைப் பற்றிய கவலையும் இருக்கும். அவரிடம் போகும்போது நேர்மை என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள். அது கதவைச் சாத்திவிடும். தராசு எண்ணோடும் குரோமியம் எண்ணோடும் போங்கள். "சார், நீங்கள் சொன்னது சரி, இரும்பு இருக்கிறது. இவ்வளவு இருக்கிறது. இதைக் கழித்தபின் இவ்வளவு மிஞ்சுகிறது. மூன்று மாதிரிகளையும் வைத்து, எஃகு ஜாடியின் பங்கைப் பிரித்துக் காட்டும் கட்டுரையாக எழுத அனுமதி வேண்டும்." அவருடைய சந்தேகத்துக்கு நீங்கள் மதிப்புக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அவர் காணட்டும். பேச்சு முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அது உங்களுக்குப் பாதுகாப்பு, அவருக்கும் நினைவூட்டல்.

அப்படியும் அவர் பிடிவாதமாக விடச் சொன்னால், உங்கள் ஆய்வுக் குழுவின் மற்ற உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. பட்டப்படிப்பு அலுவலகத்திலும் ஆய்வு நேர்மைக்குப் பொறுப்பானவரிடமும் ஆலோசனை கேட்கலாம். ஆலோசனை கேட்பது புகார் கொடுப்பது ஆகாது. அதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். உறவு கசக்கலாம், பரிந்துரைக் கடிதம் சுருங்கலாம். ஆனால் உங்கள் பெயரில் அச்சேறிய கட்டுரை உங்களோடு நாற்பது ஆண்டு வரும். முதல் ஆசிரியராகக் கையெழுத்திடுபவர் நீங்கள். உங்களுக்கு உடன்பாடு இல்லாத கட்டுரையிலிருந்து பெயரை எடுத்துக்கொள்ளச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

முதுநிலைப் பட்டத்தோடு நிறுத்துவது பற்றி: இப்போது வேண்டாம். தூக்கமில்லாத இரண்டாவது வாரத்தில் எடுக்கும் முடிவு அது. உங்களிடம் ஆய்வு தோற்றுப்போகவில்லை, கேள்வி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உதவித்தொகை நீட்டிப்புக்கும் பட்டக்கால நீட்டிப்புக்கும் விண்ணப்பிக்கும் வழியை இந்த வாரமே அலுவலகத்தில் கேளுங்கள். மாணவர் அனுமதி அட்டையின் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். கடைசி மாதத்தில் ஓடுவதைவிட இப்போது கேட்டுவைப்பது எளிது. வேலையைப் பற்றியும் பயந்திருக்கிறீர்கள். சீகேட் 1982இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய காலம் முதல் இந்தத் தீவு காந்தப் பொருள்களோடு வாழ்ந்துவருகிறது. தூசி தும்பு எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதே அந்தத் தொழில்களில் பெரும் வேலை. கலப்படத்தை எண்ணாகப் பிரித்துக் காட்டத் தெரிந்தவரை நேர்காணலில் உட்கார வைத்துப் பேசுவார்கள். நானே அப்படிப் பலரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

தூக்கத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர் இருப்பார், போய்ப் பாருங்கள். அது உங்கள் ஆய்வேட்டில் எங்கும் பதிவாகாது. அப்பாவிடமும் ஒளிக்காதீர்கள். அவர் ஆசிரியர் என்கிறீர்கள். விடைத்தாளில் விடை தவறாக இருந்தாலும் வழிமுறையைக் கடைசிவரை படித்து மதிப்பெண் போட்டவர் அவர். "பொடியில் காந்தம் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறேன் அப்பா, இன்னும் சில வாரம் ஆகும்" என்று இந்த ஞாயிறு சொல்லிப் பாருங்கள். அம்மி உதாரணத்தை அவரிடம் சொன்னால் அம்மாவும் வந்து பேச்சில் சேர்ந்துகொள்வார்.

திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்குப் போனதும், பயன்படுத்தாத குண்டுகளில் 20ஐயும் பழையவற்றில் 20ஐயும் எண்ணி எடுங்கள். பழையவற்றில் ஒட்டிய பொடி முழுவதும் போகிறவரை கழுவுங்கள். கழுவிய எத்தனால் கலங்காமல் தெளிந்து வந்தால் போதும். உலர்த்தி எடை போட்டு, இரண்டு சராசரிகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். குரோமியம் கணக்கை அங்கிருந்து சேர்ந்தே போடலாம்.